ஜெனரலும் ஓடித்தான் ஆக வேண்டும்!

சிப்பாய்க்கு உடற்தகுதித் தேர்வு என்றைக்கும் உண்டு. அப்படியிருக்க, இருக்கிற விதியையே மேலிடம் ஏன் மறுபடி மறுபடி உத்தரவாகப் போடுகிறது?

2025 செப்டம்பர் 30. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் குவாண்டிகோ மரைன் படைத்தளம். உலகெங்கும் உள்ள அமெரிக்க முகாம்களிலிருந்து நூற்றுக்கணக்கான ஜெனரல்களும் அட்மிரல்களும் விமானம் ஏறி வந்து அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. போர் வரப்போகிறதா, கூண்டோடு பதவி நீக்கமா, விசுவாசத்தைச் சோதிக்கிறார்களா என்று பத்திரிகைகள் ஆரூடம் சொல்லிக்கொண்டிருந்தன. மேடையேறிய பாதுகாப்புத் துறைச் செயலர் பீட் ஹெக்செத் பலதும் பேசினார். மறுநாள் தலைப்புச் செய்தியாக நின்றது தொந்தி.

குண்டான ஜெனரல்கள் பென்டகன் நடைகூடங்களில் உலவுவதை ஏற்க முடியாது என்றார் அவர். எந்த ரேங்க்காக இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு முறை உடற்தகுதித் தேர்வு, இரண்டு முறை உயரமும் எடையும் அளந்து பார்ப்பது, பணி நாள் ஒவ்வொன்றிலும் உடற்பயிற்சி, சண்டைப் பிரிவில் இருப்பவர் பெண்ணாக இருந்தாலும் ஆண்களுக்கு வைத்த உயர்ந்த தரத்தையே எட்ட வேண்டும் என்று உத்தரவுகளை அடுக்கினார். எதிரில் இருந்தவர்களில் பலர் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் படை நடத்தியவர்கள். முகத்தில் சலனம் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கத் தரைப்படைக்கு வருடம் இரண்டு தேர்வு என்பது புதிய சங்கதியே அல்ல. மரைன் படையிலும் அப்படித்தான். வருடத்தின் முதல் பாதியில் ஒரு தேர்வு, இரண்டாம் பாதியில் வேறு மாதிரியான இன்னொரு தேர்வு. இரண்டாவதைப் பூட்ஸும் சீருடையுமாகச் செய்ய வேண்டும். குண்டுப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்குவது, ‘காயம்பட்ட’ தோழனைச் சுமந்து ஓடுவது எல்லாம் அதில் வரும். விதி முன்பே இருக்கிறது, அதன்படி தேர்வும் நடக்கிறது. பிறகு எதற்கு ஆள்சேர்த்து, மேடை போட்டு, திரும்பவும் ஓர் உத்தரவு?

ஒரு நூற்றாண்டுக் கதையைப் புரட்டினால் விடை ஓரளவு கிடைக்கிறது. இப்படிப் பெரிய அளவில் அறிவிக்கப்படும் உத்தரவுகள் பெரும்பாலும் சிப்பாயைக் குறிவைத்தவை அல்ல. அவை மேலே, நாற்காலியில் இருப்பவரைக் குறிவைத்தவை.

பனிமழையில் 98 மைல்

தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராக இருந்த காலத்தில் தலைநகரில் பணிபுரிந்த ராணுவ அதிகாரிகள் பலருக்குக் குதிரை ஏறவே மூச்சு வாங்கியது. ரூஸ்வெல்ட் சின்ன வயதில் ஆஸ்துமாக்காரர். பிடிவாதமாக உடற்பயிற்சி செய்து தேறியவர். கியூபப் போரில் தன்னார்வப் படைக்குத் தலைமை தாங்கியவர். அவருக்கு இது பொறுக்கவில்லை. 1908 டிசம்பரில் உத்தரவு போட்டார். கடற்படை, மரைன் அதிகாரிகள் மூன்று நாளுக்குள், மொத்தம் 20 மணி நேரத்தில், 50 மைல் நடந்து காட்ட வேண்டும். குதிரைக்காரர்கள் மூன்று நாளில் 90 மைல் சவாரி செய்ய வேண்டும். அதிகாரியின் உடம்பு தன் படையினரின் சராசரிக்குக்கூட ஈடுகொடுக்காவிட்டால் மொத்தப் படையும் பின்தங்கும், வீணாக உயிர் போகும் என்பது அவர் தரப்பு வாதம்.

முணுமுணுப்பு கிளம்பியது. வயதானவர்களை வதைக்கிறார் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ரூஸ்வெல்ட் அறிக்கை விட்டுப் பதில் சொல்லவில்லை. 1909 ஜனவரி 13, விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே வெள்ளை மாளிகையிலிருந்து குதிரையில் கிளம்பினார். வர்ஜீனியாவின் வாரன்டன் வரை போய், மதிய உணவு சாப்பிட்டு, அங்கிருந்தவர்களோடு கைகுலுக்கிவிட்டுத் திரும்பினார். வழியில் குதிரைகளை மாற்றிக்கொண்டார்கள். திரும்பும்போது பனிமழை முகத்தில் அறைந்தது, சாலை உறைந்து வழுக்கியது. இரவு எட்டரை மணிவாக்கில் வெள்ளை மாளிகை வந்து இறங்கியபோது கடந்திருந்த தூரம் ஏறக்குறைய 98 மைல். அதிகாரிகளுக்கு மூன்று நாள் கொடுத்த தூரத்தை ஐம்பது வயதில், பருத்த உடம்போடு, ஒரே நாளில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பது?

பதவி முடிய இரண்டு மாதம்கூட இல்லாத நேரம் அது. அவர் போனதும் உத்தரவின் முறுக்கும் தளர்ந்தது.

ஐம்பத்து நான்கு வருடம் கழித்து அதே காகிதம் வெளியே வந்தது. மரைன் படைத் தலைவர் டேவிட் ஷூப், ரூஸ்வெல்ட்டின் பழைய உத்தரவைக் கண்டெடுத்து அதிபர் கென்னடிக்கு அனுப்பினார். இன்றைய அதிகாரிகளால் இது முடியுமா என்று கென்னடி திருப்பிக் கேட்டார். 1963 பிப்ரவரியில் லெஜூன் முகாமில் மரைன் அதிகாரிகள் 50 மைல் நடந்து காட்டினார்கள். அதற்குள் அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடிக்கு ரோஷம் வந்து, கொட்டும் குளிரில், தோலாலான அலுவலக ஷூவோடு கால்வாய்க் கரை வழியாக 50 மைல் நடந்தே தீர்த்தார். குண்டான பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சர் மட்டும் சாமர்த்தியமாகக் கழன்றுகொண்டார். பள்ளிப் பிள்ளைகள், தபால்காரர்கள், அரசியல்வாதிகள் என்று நாடே நடக்கத் தொடங்கியது. அப்போது மேரிலாந்தில் ஆரம்பித்த 50 மைல் ஓட்டம் ஒன்று இன்றும் வருடாவருடம் நடக்கிறது.

1908, 1963, 2025. மூன்று முறையும் கேள்வி ஒன்றுதான்: படை நடத்துபவர் படையோடு நடப்பாரா?

சேமித்து வைக்க முடியாத சொத்து

ஒருமுறை தேறியவனை ஏன் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்? துப்பாக்கி சுடக் கற்றவனுக்கு அது ஓரளவு கையோடு நிற்கும். நீச்சலும் மறப்பதில்லை. உடற்தகுதி அப்படிப்பட்டதல்ல, ஓட்டைக் குடத்துத் தண்ணீர்.

எவ்வளவு வேகமாக ஒழுகும் என்பதை 1966-ல் டல்லஸில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. இருபது வயதை ஒட்டிய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை 20 நாள் படுக்கையிலேயே வைத்தார்கள். எழுந்து நிற்கக்கூட அனுமதி இல்லை. மூன்றாவது வார முடிவில் அவர்கள் உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்திருந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள். ஐம்பதைத் தொட்டு, எடை கூடி, தலை நரைத்த பிறகும் அவர்கள் இழந்திருந்தது அன்று 20 நாள் படுக்கையில் இழந்ததைவிடக் குறைவு. முப்பது வருட முதுமை செய்யாததை மூன்று வாரச் சும்மா இருத்தல் செய்துவிட்டது.

சிப்பாய் படுக்கையில் கிடப்பதில்லை என்பது சரி. ஆனால் ராணுவ வாழ்க்கையில் படுக்கைக்கு நிகரான காலங்கள் நிறைய உண்டு. அலுவலகப் பணி, பயிற்சி வகுப்பு, நீண்ட விடுப்பு, காயம், கப்பலில் மாதக்கணக்கான வாசம், விருந்துக்குக் குறைவில்லாத அமைதிக் காலப் பணியிடம். இந்திய ராணுவத்தில் ‘பீஸ் ஸ்டேஷன்’ என்பார்கள். எல்லையில் இருந்து வந்தவனுக்கு அங்கேதான் இடுப்பு பெல்ட்டில் புது ஓட்டை தேவைப்படும். ஆகவே தேர்வுத் தேதி என்பது அளப்பதற்கு மட்டும் வைத்த நாள் அல்ல. இடையில் இருக்கும் ஐந்து மாதமும் அந்த நாளை நினைத்துக் காலையில் எழுந்து ஓடுகிறானே, அதுதான் தலைமைக்கு வேண்டியது. தேதி இல்லை என்றால் ஓட்டமும் இல்லை. மனித சுபாவத்தை இதைவிட மலிவாக ஆள வேறு வழி யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ரோமானியர்களுக்கும் இது தெரிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி வெஜிஷியஸ் என்பவர் எழுதிய போர்க்கலை நூல், புதுச் சிப்பாய் கோடைக்கால ஐந்து மணி நேரத்தில் 20 ரோமானிய மைல் நடக்க வேண்டும் என்கிறது. படை முழுவதும் மாதத்துக்கு மூன்று முறை சுமையோடு நடைப்பயணம் போக வேண்டும் என்பது பழைய பேரரசர்கள் போட்ட விதி என்றும் நினைவூட்டுகிறது. பிறகு புலம்பல் வருகிறது. பயிற்சி விட்டுப்போன வீரர்களுக்குக் கவசம் கனக்கத் தொடங்கிவிட்டதாம். மார்புக் கவசம் வேண்டாம், பிறகு தலைக்கவசமும் வேண்டாம் என்று பேரரசரிடமே கேட்டு வாங்கிக்கொண்டார்களாம். இது எவ்வளவு தூரம் நிஜம் என்று வரலாற்றாசிரியர்கள் சந்தேகப்படுகிறார்கள். சந்தேகப்படட்டும். ஆனால் விதியைப் போட்டவர் போனதும் விதி தூங்கிவிடும் என்ற புலம்பல் மட்டும் அன்றிலிருந்து மாறவில்லை.

எதை அளப்பது?

அமெரிக்கத் தரைப்படை 1980-லிருந்து நாற்பது வருடம் ஒரே தேர்வை வைத்து ஓட்டியது. இரண்டு நிமிடம் தண்டால், இரண்டு நிமிடம் சிட்-அப், பிறகு இரண்டு மைல் ஓட்டம். ஒரு ஸ்டாப் வாட்சும் கொஞ்சம் சமதரையும் இருந்தால் போதும். எளிமைதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. மெலிந்த ஓட்டக்காரன் முழு மதிப்பெண் வாங்கிவிடுவான். குண்டு துளைக்காத கவசம் அணிந்த, காயம்பட்ட தோழனைத் தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் இழுத்துப் போகச் சொன்னால் திணறுவான். ஈராக்கும் ஆப்கானிஸ்தானும் இதைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொடுத்தன.

அதனால் ஆறு அங்கங்கள் கொண்ட புதிய தேர்வு ஒன்றை உருவாக்கினார்கள். அதில் ஒரு பகுதியைப் பார்க்கலாம். 25 மீட்டர் நீளப் பாதை. முதலில் போய்த் திரும்பி ஓட்டம். உடனே 90 பவுண்டு எடை ஏற்றிய சறுக்குப் பலகையைப் பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் தாவித் தாவி ஓட வேண்டும். அடுத்து, கைக்கு 40 பவுண்டாக இரண்டு இரும்புக் குண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முடிவில் மறுபடி வெறும் ஓட்டம். மொத்தம் 250 மீட்டர்தான். ஆனால் பலகையை இழுத்துவிட்டு நிமிரும்போதே தொடை எரியத் தொடங்கும். சுமையை இறக்கிவிட்டு ஓடும்போது கால் சொன்னபடி கேட்காது. சண்டையில் உடம்பு படும் பாட்டுக்கு இது எவ்வளவோ நெருக்கம்.

நல்ல தேர்வு, ஆனால் பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும், இருபது வயதுக்கும் ஐம்பது வயதுக்கும் ஒரே அளவுகோல் என்றுதான் ஆரம்பித்தார்கள். கம்பியில் தொங்கியபடி முழங்காலை முழங்கை வரை உயர்த்தும் பயிற்சியில் ஏராளமான பெண்கள் தோற்றார்கள். நாடாளுமன்றம் தலையிட்டு வெளி ஆய்வு கேட்டது. ராண்ட் நிறுவனம் 2022-ல் கொடுத்த அறிக்கைப்படி ஆண் சிப்பாய்களில் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள். பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான். தொங்கும் பயிற்சி நீக்கப்பட்டு பிளாங்க் வந்தது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மதிப்பெண் பட்டியல் மாறியது. அதுவும் நிலைக்கவில்லை. 2025 ஜூனில் ஐந்து அங்கங்களோடு இன்னொரு தேர்வு வந்தது. அதில் 21 சண்டைப் பிரிவுகளுக்கு ஆண்–பெண் வித்தியாசமற்ற 350 மதிப்பெண், மற்றவர்களுக்கு 300. ஏழு வருடத்துக்குள் இத்தனை குட்டிக்கரணம். ‘போருக்கு எது தேவை’ என்ற கேள்விக்கும் ‘யாரை நாம் படையில் வைத்துக்கொள்ள விரும்புகிறோம்’ என்ற கேள்விக்கும் ஒரே தேர்வால் பதில் சொல்ல முயன்றால் இப்படித்தான் ஆகும்.

எடைக் கணக்கிலும் இதே கோளாறு. உயரத்துக்கு ஏற்ற எடை என்ற பட்டியலை வைத்துப் பார்த்தால், பளு தூக்கி உடம்பை இறுக்கி வைத்திருப்பவனும் ‘அதிக எடை’ என்று சிக்கிக்கொள்வான். அளவு நாடாவைக் கொண்டு வந்து இடுப்பை அளப்பார்கள். இந்தக் கேலிக்கூத்துக்கு முடிவு கட்டத்தான், உடற்தகுதித் தேர்வில் 600-க்கு 540 எடுத்தவருக்குக் கொழுப்புக் கணக்கிலிருந்து விலக்கு என்று 2023-ல் அறிவித்தார்கள்.

ஹெலிகாப்டர் மூழ்கிய பிறகு

இவ்வளவு தொழில்நுட்பம் வந்த பிறகும் கால்பலம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பிரிட்டிஷ்காரர்கள் 1982-ஐச் சொல்வார்கள். தென் அட்லாண்டிக்கில் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினாவிடமிருந்து மீட்கப் போன படை, சான் கார்லோஸில் இறங்கியது. தலைநகர் ஸ்டான்லி தீவின் மறுகோடியில். இடையே சாலை என்று சொல்ல எதுவும் இல்லை. சதுப்பும் பாறையும் குளிர்காற்றும்தான். கவலை இல்லை, சினூக் ஹெலிகாப்டர்கள் வருகின்றன, தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடும் என்பது திட்டம். மே 25 அன்று அர்ஜென்டின விமானங்கள் ஏவிய எக்ஸோசெட் ஏவுகணைகள் ‘அட்லாண்டிக் கன்வேயர்’ கப்பலைத் தாக்கின. அதோடு மூன்று சினூக்குகள் போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று.

திட்டத்தில் இல்லாத நடை தொடங்கியது. மரைன் 45-ஆவது கமாண்டோ பிரிவினர் ஆளுக்கு ஏறக்குறைய 36 கிலோ சுமையோடு மூன்று நாளில் 56 மைல் கடந்தார்கள். நடந்து முடித்த பிறகுதான் அவர்களுக்குச் சண்டையே ஆரம்பம். இரவில் மலையேறி, கண்ணிவெடிகளைத் தாண்டி, மேலே பதுங்கியிருந்தவர்களோடு மோத வேண்டியிருந்தது. நனைந்த பூட்ஸுக்குள் கால் அழுகி விழுந்தவர்களும் உண்டு. ஆனால் பிரிவு போய்ச் சேர்ந்தது. மூன்று வாரத்துக்குள் ஸ்டான்லி வீழ்ந்தது.

தளபதிகளின் மனக்கணக்கு இதுதான். வண்டி வரும் என்பது திட்டம். வராத நாளுக்குத்தான் தேர்வு.

கார்கில் நமக்குச் சொன்னதும் அதே பாடத்தின் செங்குத்தான வடிவம். 1999 கோடையில் 15,000 அடிக்கு மேல், காற்றில் ஆக்ஸிஜன் மெலிந்த உயரத்தில், இரவு முழுக்க ஏறி, விடிவதற்குள் முகட்டைப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தோட்டாக்களைக் கூடுதலாகச் சுமந்தவர்கள் இருந்தார்கள். அதற்கு 37 வருடம் முன்பு, 1962 சீனப் போரில், சமவெளியிலிருந்து அவசரமாக நாம்கா சூ ஆற்றங்கரைக்கு அனுப்பப்பட்ட ஜவான்கள் பருத்திச் சீருடையிலும் கேன்வாஸ் ஷூவிலும் மூச்சுக்குத் தவித்தார்கள். அவர்கள் உடல் வலுவில் குறைந்தவர்கள் அல்ல. உயரத்துக்குப் பழக்காமல் அனுப்பியது மேலே இருந்தவர்களின் குற்றம். சமதரையில் எடுத்த முதல் தர மதிப்பெண் மலையில் செல்லாது என்பதையும் கூடவே எழுதி வைக்க வேண்டும்.

பிரிகேடியர் வந்து நின்றால்

ஓய்வுபெற்ற ஜவான்களிடம் பேச்சுக் கொடுத்தால் ‘பி.பி.இ.டி.’ என்ற நான்கெழுத்து வராமல் இருக்காது. இந்தியத் தரைப்படையின் போர்க்கள உடற்திறன் தேர்வு அது. முழுச் சாமான்களையும் கட்டிக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். முப்பது வயதுக்குள் இருப்பவர் 25 நிமிடத்தில் வந்தால் ‘எக்ஸலன்ட்’. 28 நிமிடம் தாண்டினால் ஃபெயில். அதோடு 60 மீட்டர் ஸ்பிரின்ட், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவது, செங்குத்துக் கயிறு, கிடைக்கயிறு. முதல் கிலோமீட்டரில் தெரியாத துப்பாக்கியின் கனம் நான்காவதில் தோளை அறுக்கும். முதுகுப் பை ஒவ்வோர் அடிக்கும் துள்ளி இடுப்பில் மோதும். வாரை இறுக்கிக் கட்டத் தெரிந்தவனுக்கு அதிலேயே சில வினாடிகள் மிச்சம். இது தவிர ‘பி.பி.டி.’ என்று இன்னொன்று. அதில் 2.4 கிலோமீட்டர் ஓட்டம், சின்-அப், சிட்-அப் வகையறா.

இவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டியவை. முடிவு ரகசிய அறிக்கையில் ஏறும். ஏ.சி.ஆர். என்று அதிகாரிகள் பயபக்தியோடு சொல்லும் அந்தக் காகிதம்தான் பதவி உயர்வின் சாவி. விதி இவ்வளவு பலமாக இருந்தும் வெளிநாட்டுப் பணிக்கும் உயர் பயிற்சி வகுப்புக்கும் வரும் அதிகாரிகளில் சிலர் பருமனாக இருக்கிறார்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பெருகுகின்றன என்ற குறை வந்தது. எங்கே ஒழுகுகிறது? தன் பட்டாலியனின் தேர்வைத் தானே நடத்தி, தானே மதிப்பெண் போடுபவர் சி.ஓ. எனப்படும் கட்டளை அதிகாரிதான். தினமும் கூட உட்கார்ந்து சாப்பிடும் மேஜரை அவர் ஃபெயிலாக்குவாரா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது ராணுவத்துக்கும் பொருந்தும்.

2024 தொடக்கத்தில் வெளியான புதிய கொள்கை அந்த இடத்தில்தான் கைவைத்தது. சி.ஓ.வுக்குப் பதிலாக ஒரு பிரிகேடியர், இரண்டு கர்னல்கள், ஒரு மருத்துவ அதிகாரி என்று குழு அமைத்துத் தேர்வு. பழைய இரண்டு தேர்வுகளோடு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 10 கிலோமீட்டர் வேக நடையும் 32 கிலோமீட்டர் ரூட் மார்ச்சும். நீச்சல் வேறு. ஒவ்வொருவரும் தனக்கென ஒரு உடற்தகுதி அட்டை வைத்திருக்க வேண்டும். தரத்துக்குக் கீழே இருப்பவருக்கு எழுத்தில் எச்சரிக்கையும் 30 நாள் அவகாசமும் உண்டு. அதற்குள் தேறாவிட்டால் விடுப்பிலும் வெளிப்பணியிலும் கை வைப்பார்கள். அதிகாரிகள் மெஸ்ஸில் காலை உணவுத் தட்டு மாறிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்தது, ஓட வேண்டிய கிலோமீட்டரைவிட ஸ்டாப் வாட்ச் யார் கையில் என்பதை மாற்றியதுதான். ரூஸ்வெல்ட் தானே குதிரை ஏறிக் காட்டியதும், பிரிகேடியரை வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்துவதும் ஒரே வியாதிக்கு இரண்டு மருந்து.

சிங்கப்பூர் வேறு வழி கண்டது. அங்கே தேசிய சேவை முடித்து வீடு திரும்பிய பிறகும் வருடம் ஒரு முறை ஐ.பி.பி.டி. தேர்வு துரத்தும். தண்டால், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றும் அதில் உண்டு. பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாளுக்குள் முடித்தாக வேண்டும் என்பதால், அங்குள்ள நம் தமிழ் இளைஞர்களுக்கும் பிறந்தநாள் கேக்கோடு இந்தக் கவலையும் சேர்ந்தே வரும். தங்கத் தரத்தில் தேறினால் 500 வெள்ளி ரொக்கம். தேறாதவர் பயிற்சி வகுப்புகளுக்குப் போய் வர வேண்டும். அலுவலகம் முடிந்து, களைத்துப்போய், மைதானத்தில் நிற்கும் முப்பத்தைந்து வயது குமாஸ்தாவை ரோஷத்தைவிட ரொக்கம் வேகமாக ஓடவைக்கும் என்று அந்த அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

ஓட்டம் உயிரை எடுக்கும்போது

தேர்வைப் புகழ்ந்துகொண்டே போவதற்கில்லை. 2013 ஜூலையில், வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் மலைகளில் சிறப்புப் படைத் தேர்வுக்காக 16 மைல் சுமைநடை போன பிரிட்டிஷ் ரிசர்வ் வீரர்கள் மூவர் வெயிலில் உடல் சூடேறி இறந்தார்கள். நம் ஜார்க்கண்டில் 2024 ஆகஸ்ட்டில் கலால் காவலர் வேலைக்கான 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அது ராணுவத் தேர்வு அல்ல. ஆனால் புழுக்கமும் வெயிலும் ராணுவம், போலீஸ் என்று பார்ப்பதில்லை. ஒரே ஓட்டத்தில் வேலை கிடைக்கும் அல்லது போகும் என்கிற நிலையில் நிற்பவன், தலை சுற்றினாலும் நிற்க மாட்டான். வேண்டாம் என்று நிறுத்துவது கடிகாரம் பிடித்திருப்பவரின் வேலை.

திரும்பத் திரும்பத் தேர்வு வைப்பதற்கு இது எதிர்வாதம்போலத் தோன்றும். நான் அதை ஆதரவாகவே எடுத்துக்கொள்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓடுகிறவன் அந்த ஒரு நாளுக்காகச் சாகப் பார்க்க மாட்டான். வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டச் சொல்வதுதான் ஆபத்து.

இன்னொரு பக்கமும் உண்டு. தேர்வில் சிப்பாய் தோற்கும்போது சில சமயம் தோற்பது அவன் பிறந்த ஊர். 1899-ல் தொடங்கிய போயர் போருக்கு ஆள் எடுக்கப் போன பிரிட்டன், மான்செஸ்டர் போன்ற ஆலை நகரங்களில் வந்தவர்களில் பெரும்பகுதியினரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. குள்ளமாக, சூம்பிய மார்போடு, சொத்தைப் பல்லோடு வந்து நின்றார்கள். அதிர்ந்த அரசு 1904-ல் விசாரணைக் குழு அறிக்கை பெற்றது. 1906-ல் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கச் சட்டம் வந்தது. 1907-ல் பள்ளி மருத்துவப் பரிசோதனை வந்தது. இன்று அமெரிக்காவில் பிரச்சினை தலைகீழ். 17 முதல் 24 வயதுக்குள் இருப்பவர்களில் 77 சதவீதம் பேர் சலுகை இல்லாமல் படையில் சேரத் தகுதியற்றவர்கள் என்று பென்டகனே 2020-ல் கணக்குச் சொன்னது. உடல் பருமன் அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 2022-ல் தெற்கு கரோலினாவின் ஜாக்சன் கோட்டையில் ‘தேர்வுக்கு முன் தேர்வு’ போல ஒரு பயிற்சி தொடங்கினார்கள். ஆசை இருந்தும் எடை கூடியவர்களை 90 நாள் வரை வைத்துக் குறைத்து, பிறகு அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள்.

உட்கார்ந்து போரிடுபவருக்கு?

குவாண்டிகோ உரைக்குப் பிறகு எழுந்த நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது. நெவாடா பாலைவனத்தில் குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து, ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் பறக்கும் ட்ரோனை இயக்குபவர் இரண்டு மைல் ஓடித்தான் ஆக வேண்டுமா? கணினிக் குறியீடு எழுதும் லெப்டினன்ட்டுக்கு எடை எத்தனை என்று யாருக்குக் கவலை? ஜெனரலின் வேலை யோசிப்பது, தண்டால் எடுப்பது அல்ல என்ற வாதத்திலும் சாரம் உண்டு. வரலாற்றில் தொந்தி விழுந்த தளபதிகள் வென்றிருக்கிறார்கள். ஒல்லிக் குச்சிகள் தோற்றிருக்கிறார்கள். அமைச்சர்களுக்கு உடற்தகுதி உத்தரவு சுலபமாகக் கிடைக்கும் பிடி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. போர்த்தந்திரத்தைத் திருத்த வருடங்கள் ஆகும், ஓடச் சொல்ல ஒரு மேடை போதும்.

உக்ரைன் போர்முனை மட்டும் இந்த விவாதத்தை எதிர்பாராத பக்கம் திருப்பிவிட்டது. அங்கே வானத்தில் எந்நேரமும் ட்ரோன் சுற்றுகிறது. கண்ணில் படும் வண்டி எதுவும் பிழைப்பதில்லை. அதனால் முன்களத்துக்குப் பல கிலோமீட்டர் முன்பே இறங்கி, இருட்டில், மரவரிசையை ஒட்டி நடந்துதான் போகிறார்கள். அப்படி நடப்பவர்களில் ட்ரோன் இயக்குபவர்களும் உண்டு. முதுகில் பேட்டரிகள், ஆன்டெனா, வெடிபொருள், குடிநீர். நாலைந்து நாள் தாண்டி மாற்று ஆள் வந்தால், அதே வழியில் திரும்பவும் நடை.